கண்ணாடியில் ஒட்டியிருந்த சாட்சி

விபத்துச் செய்திகளை எழுதியும் திருத்தியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். "வேகமாக வந்த மோட்டார் சைக்கிள் காருடன் மோதியதில்" என்று தொடங்கும் வாக்கியத்தை எத்தனை தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வேகமாக வந்ததை யார் கண்டார்கள் என்று ஒருபோதும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு அந்த வாக்கியத்துக்குள் நானே ஒரு பாத்திரமானேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இடப்புற ஒழுங்கையொன்றினுள் காரைத் திருப்பினேன். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள், காருக்கும் நடைபாதைக்கும் இடையே நுழைந்து முன்கதவில் மோதியது. ஓட்டி வந்தவன் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன். நல்லவேளையாக முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. கூடியவர்கள் எல்லோரும் அவனையே ஏசினார்கள். எனது நரைத்த தலை எனக்குச் சாதகமாக இருந்தது. "நீங்க சிக்னல் போடல்ல, ஐயா" என்று அவன் சொன்னதை எவரும் காதில் வாங்கவில்லை. காப்புறுதி நிறுவனத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர், சமிக்ஞை விளக்கைப் போட்டீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். போட்டேன் என்றேன். பொய் சொல்லவில்லை; அப்படித்தான் நம்பினேன்.

காரின் முகப்புக் கண்ணாடியில் என் மகள் பொருத்திவிட்ட டாஷ் கமரா ஒன்று இருந்தது. என் பக்க நியாயத்தை நிறுவும் ஆவலுடன் அன்றிரவு அதன் பதிவைக் கணினியில் பார்த்தேன். முன்னோக்கிய கமராவில் மோட்டார் சைக்கிள் தெரியவில்லை. ஆனால் ஒலி இருந்தது. ஹோர்ன் சத்தம் இரண்டு தடவை, பிறகு மோதல், பிறகு எனது "ஐயோ". சமிக்ஞை விளக்கின் டிக், டிக் ஓசை மட்டும் இல்லை. அன்று காலை வேறொரு சந்தியில் திரும்பியபோது பதிவான காட்சியில் அது தெளிவாகக் கேட்டது.

இக்கருவிகள் அட்டை நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதுகின்றன. நான் பேசாமல் இருந்தாலே போதும். சில நாட்களில் அந்தச் சாட்சி தானாக அழிந்திருக்கும். எனது காருக்கு முழுமையான காப்புறுதி இருந்தது; தவறு யாருடையதாயினும் திருத்தச் செலவு கிடைக்கும். அவனிடமிருந்ததோ சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டுமே. அது அவனது வண்டியைத் திருத்தித் தராது. என் தவறு நிறுவப்பட்டால்தான் எனது காப்புறுதியிலிருந்து அவன் எதையேனும் பெறமுடியும்.

அன்றிரவு நன்றாக உறங்கினேன் என்று சொல்லமாட்டேன். காலையில் பதிவைப் பிரதிசெய்து மதிப்பீட்டாளருக்கு அனுப்பி, முதல்நாள் கூறியதைத் திருத்திக்கொண்டேன். இடப்புறமாக முந்த முயன்றது அவனது தவறு என்பதால் முழுத்தொகை கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு பகுதி கிடைத்தது.

இத்தகைய பதிவுகள் சட்டத்தின் முன் செல்லுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சம்பவம் நிகழும்போதே பதிவாகும் ஒலி, ஒளிப்பதிவுகளைச் சில நிபந்தனைகளுடன் சாட்சியமாக ஏற்க இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. தனிமனித அந்தரங்கத்தில் மிகுந்த கண்டிப்புடைய ஜேர்மனியில்கூட 2018 மே 15ஆம் திகதி உச்ச சிவில் நீதிமன்றம், தொடர்ச்சியாகப் பதிவுசெய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரண் என்று கூறிக்கொண்டே, விபத்து வழக்கொன்றில் அத்தகைய பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அருகருகே திரும்பிய இரு கார்கள் உரசிய வழக்கு அது. யார் தடம் மாறினார் என்பதே அதில் எழுந்த கேள்வி.

எனவே கமராவைப் பொருத்துங்கள். அதில் திகதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். விபத்து நிகழ்ந்தால் பதிவை உடனே பிரதிசெய்யுங்கள். முகநூலில் போடாதீர்கள், காப்புறுதி நிறுவனத்திடமும் பொலிஸாரிடமும் கொடுங்கள். ஆனால் அது உங்கள் பக்கச் சாட்சி என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

இப்போதும் விபத்துச் செய்திகள் என் மேசைக்கு வருகின்றன. "வேகமாக வந்த" என்ற சொற்களைக் கண்டால், யார் கண்டது என்று நிருபரிடம் கேட்கிறேன். பதில் இல்லையென்றால் வெட்டிவிடுகிறேன்.