வழி சொல்கிறவள்

ஒடுகத்தூரில் அம்மா வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஜவ்வாது மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மலைப் பெண்கள் புளியும் சாமையும் சுமந்து இறங்கி வருவார்கள். அண்ணன் பன்னிரண்டு வயதிலேயே நண்பர்களோடு மலையேறிவிட்டான். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் நான் ஏறவில்லை.

இந்த ஆண்டு மாணவிகளை அழைத்துக்கொண்டு கீழ்சேப்பிளிக்குப் போவதென்று முடிவெடுத்தேன். ஜமுனாமரத்தூருக்கு அருகிலிருக்கும் அந்த ஊரில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த ஈமச்சின்னங்கள். மலைமக்கள் அவற்றை ‘வாலியர் வீடு’ என்கிறார்கள்.

திட்டத்தை எழுத உட்கார்ந்தேன். போளூர் வழியாகப் போவதா, ஆலங்காயம், காவலூர் வழியாகவா? இருட்டுவதற்குள் இறங்கிவிட முடியுமா? கழிப்பறை எங்கே? யாருக்கு அன்று மாதவிடாய் வரும்? பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியாயிற்றா? துணைக்கு வரும் ஆண் ஆசிரியர் யார்? எழுதி முடித்துப் பார்த்தால் இரண்டு பக்கம். கற்திட்டைகளைப் பற்றி அதில் ஒரே ஒரு வரி.

அம்மாவிடம் சொன்னேன். “மலைக்கா? கூட ஆம்பள யாரு வராங்க?” என்றாள்.

மறுநாள் வகுப்பில் மலைபடுகடாம். 583 அடிகளில் நன்னனின் ஊருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை. அவன் ஆண்ட செங்கண்மா, இந்த மலைக்குத் தெற்கே இருக்கும் செங்கம். ஆபத்தை அந்தப் பாட்டு மறைக்கவில்லை. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை, பாம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே எப்படி நடக்க வேண்டும் என்கிறது. போகும் கூட்டத்தில் விறலியரும் உண்டு. மலை ஆபத்தானது, ஆகவே பெண்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அது சொல்லவில்லை. புறநானூற்றின் 103ஆம் பாட்டில் ஔவையார், பாலை வழியில் இசைக்கருவிகளோடு உட்கார்ந்திருக்கும் ஒரு விறலியை அதியமானிடம் ஆற்றுப்படுத்துகிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு வழி சொல்கிறாள். இருபது ஆண்டுகளாக இதைத் துறை விளக்கமாகவே நடத்தி வந்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் பீஞ்சமந்தைப் பக்கத்து மாணவி ஒருத்தி வந்தாள். மூன்றாண்டுகளாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அதிகம் பேசாதவள்.

“மேடம், எங்க ஆயா பொறந்த ஊரு ஜமுனாமரத்தூர் பக்கம்தான். அந்தக் கல்லு வீட்டுக்கிட்டல்லாம் ஆடு மேச்சிருக்காங்க. எந்தப் பக்கம் ஏறணும், எங்க தண்ணி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியும். நீங்க யாருமே எங்கள கேக்கலையே.”

எனக்குப் பதில் வரவில்லை. “அங்கே ரோடு நன்றாக இருக்குமா?” என்று கேட்டு வைத்தேன்.

“அங்க இருக்கு மேடம். எங்க மலையிலதான் எல்லா ஊருக்கும் இல்ல” என்றாள்.

எங்கள் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலை நினைவுக்கு வந்தது. 2023 மே மாதம் அங்கே ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாமல் மருத்துவமனைக்குப் போய்ச் சேரத் தாமதமாகி, குழந்தை இறந்தது. உடலோடு திரும்பிய ஆம்புலன்சாலும் மேலே ஏற முடியவில்லை. மகளின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் மலையேறி நடந்தாள். அந்தச் செய்தியைப் படித்து அழுதவள்தான் நானும். ஆனால் என் திட்டத்தில் ‘ரோடு’ என்ற சொல் எங்கள் வேனுக்காக மட்டுமே இருந்தது. அந்த மலையின் பெண்கள் பாதுகாப்பாக ஊர் திரும்ப வழி இருக்கிறதா என்று எந்த வரியிலும் நான் கேட்கவில்லை.

இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம்; அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கழிப்பறைக்கும் கையெழுத்துக்கும் இடம் வேண்டியிருந்தது, அவை இருந்தன. ‘துணை’ என்ற இடத்தில் ‘வழிகாட்டி’ என்று மாற்றி, அவளுடைய ஆயாவின் பெயரை எழுதி, அன்றைய கூலியையும் செலவில் சேர்த்தோம். திரும்பும் வழியில் அவளது ஊரில் ஒருநாள் தங்குவதாகவும், எந்தெந்த ஊருக்கு ரோடு இல்லை என்பதை மாணவிகளே கேட்டெழுதி மனுவாக ஆட்சியருக்குக் கொடுப்பதாகவும் முடிவானது.

அந்த வார இறுதியில் அம்மாவிடம் தாளைப் படித்துக் காட்டினேன். ஆயாவின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். முப்பது வருஷமாக மலைப் பெண்களிடம் புளி வாங்குகிறவள், ஒருத்தியிடமும் பெயர் கேட்டதில்லை என்றாள். கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் முட்டி தாங்குமான்னு அந்தப் பொண்ணக் கேளு.”