காரைநகர்க் கடற்கரையில் ஒரு பகல்

யாழ்ப்பாணத்தார் சிக்கனம் மிக்கவர் என்று பிறர் கூறுவதுண்டு. வேலியடைத்து, எல்லை குறித்து, காசை எண்ணி எண்ணிச் செலவிடுவோர் என்பது நம்மைப் பற்றிய பழைய பேச்சு. ஆயினும் ஒரு பானைக் கூழுக்காக ஒரு பகல் முழுவதையும் மனமுவந்து செலவிடுவோரும் இம்மக்களே. அத்தகைய பகலொன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய விடுமுறையில் நாமும் நண்பர் சிலரும் காரைநகருக்குச் செல்வது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவு. மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை எனத் தோட்டமும் பனங்கூடலும் மாறி மாறி வரும் ஊர்களைக் கடந்து, மூளாயைத் தாண்டிப் பொன்னாலையை அடைந்ததும் நிலம் முடிந்துவிடும். வரதராசப் பெருமாளை வணங்கி அப்பாற் சென்றால் நேரே கடல்வழிச் சாலை. இருமருங்கும் ஆழமற்ற பரவைக்கடல். முழங்காலளவு நீரில் நின்று வலைபார்க்கும் மீனவர் ஒருபுறம். அவருக்குச் சற்றும் அஞ்சாது அருகிலேயே இரை தேடும் கொக்கும் நாரையும் மறுபுறம். விடிகாலையில் இச்சாலையைக் கடக்கையில், எவ்வளவு பேச்சுப் பேசி வந்தவரும் சிறிது நேரம் வாய்மூடி இருப்பர்.

காரைநகர் முன்னாளிற் காரைதீவு என வழங்கிய ஊர். இலங்கையின் பல நகரங்களிற் கடை வைத்து வாணிகத்தாற் பெயர்பெற்ற மக்களின் தாயகம். மார்கழித் திருவாதிரையில் அடியார் திரளும் ஈழத்துச் சிதம்பரம் இங்கேதான் உள்ளது. ஊரைக் கடந்து வடகரைக்குச் சென்றால் சவுக்கு மரங்கள் நிழல் செய்யும் கசூரினா கடற்கரை. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் மார்பளவைத் தாண்டாத கடல் அது. சோளகக் காற்று எழுவதற்கு முன்னரான அந்நாள்களில் குளத்து நீர்போல் அசையாது கிடக்கும். மேற்கே கோவளத்து வெளிச்சவீடு வெண்ணிறமாய்த் தோன்றும்.

சென்றவுடன் யாரும் நீரில் இறங்குவதில்லை. முதலில் வேலை. ஒடியற் கூழ் காய்ச்சுவது ஒருவர் செய்து முடிக்கும் காரியமன்று. பனங்கொட்டையைப் பாத்தியிலிட, அது மாரி மழையில் முளைவிட்டுக் கிழங்காய்த் திரளும். அக்கிழங்கைத் தை, மாசியிற் கிண்டி, பச்சையாகவே பிளந்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்த மாவைத் தண்ணீரிற் கரைத்து ஊறவிட்டு, மேலே தெளியும் நீரைப் பலமுறை வடித்தாலன்றி அதன் கைப்பு நீங்காது. ஆதலின் மாக்கரைக்கும் பொறுப்பு எம்முள் மூத்தவரான தோட்டக்கார அண்ணருக்கு உரியது. எத்தனை முறை வடிப்பது என்பதில் அவர் சொல்லே முடிவு.

மற்றொருவர் கரைக்கு வரும் வள்ளங்களை எதிர்பார்த்து நின்று நண்டும் இறாலும் மீனும் வாங்கி வருவார். ஒருவர் பலாக்கொட்டையின் தோல் நீக்க, ஒருவர் மரவள்ளிக்கிழங்கும் பயிற்றங்காயும் நறுக்க, வேறொருவர் கல்லடுக்கிக் கங்குமட்டையும் பொச்சுமட்டையும் இட்டு நெருப்பு மூட்டுவார். ஒரு கைப்பிடி அரிசியோடு காய்கிழங்குகள் முதலில் அவியவேண்டும். எம்முள் வங்கியிற் பணிபுரியும் நண்பர் மரக்கறி மட்டுமே உண்பவர். மீன் இடுமுன் அவர் பங்கைச் சிறிய பானையில் வேறாக எடுத்துவிடுவோம். பின்னர் மீன் வகைகள். அதன்பின் கரைத்த மா. அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் புளியும். நிறைவாக ஒரு பிடி முருங்கையிலை. காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட நாம் முதற் பிளாவைக் கையிலேந்தும்போது உச்சிவெயில் ஏறியிருக்கும்.

பனையோலையைக் கோலிய பிளாவில் ஆவி பறக்கும் கூழை ஊதி ஊதிக் குடிக்கையில் நெற்றியில் வியர்வை அரும்பும். உறைப்பினாற் கண்ணும் மூக்கும் நீர் சொரியும். தேங்காய்ச் சொட்டை இடையிடையே கடித்துக்கொள்வது உறைப்புக்கு மருந்து. “எனக்கு இன்னும் ஒரு பிளா ஊத்து மச்சான்” என்பதைத் தவிர வேறு பேச்சு எழாது. பெரிய நண்டுக்கால் யார் பிளாவில் வீழ்ந்தது என்ற வழக்கு மட்டும் ஆண்டுதோறும் தீர்ப்பின்றி ஒத்திவைக்கப்படும்.

உண்ட களை தீரச் சவுக்க நிழலிற் சாய்ந்திருக்கும்போது தோட்டக்கார அண்ணர் பாடத் தொடங்குவார். மேடையேறிப் பாடியவரல்லர், கோயில் திருவிழாக்களிற் கேட்டுக் கேட்டே பயின்றவர். மோகனத்தில் அவர் இழுத்து நிறுத்தும்போது சவுக்கிலைகளிற் புகுந்த காற்றே சுருதி கூட்டும். வெறுங்குடமொன்றை மடியில் வைத்து ஒருவர் தாளம் போடுவார். பாட்டு ஓய்ந்தாற் பேச்சு அளவெட்டிக்கும் இணுவிலுக்கும் சென்றுவிடும். பத்மநாதனின் நாதஸ்வரமும், 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் தனியும் பற்றி அண்ணர் சொல்லும்போது, நேரிற் கேட்டவர் நம் தந்தையர் என்பதும், நமக்கு வாய்த்தது ஒலிப்பதிவே என்பதும் நினைவுக்கு வரும்.

அவ்வொலிப்பதிவையும் நாம் எளிதிற் கேட்டோமல்லோம். நம் பள்ளிப் பருவம் 1990களிற் கழிந்தது. மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை, மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவை வானொலிப் பெட்டியோடு இணைத்து, ஒருவர் சில்லைச் சுழற்ற ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்போம். சுழற்றுபவர் கை தளர்ந்தாற் பாட்டும் தளரும். உடனே மற்றொருவர் கைமாறுவார். ஒரு பாட்டு முடிவதற்குள் மூவர் கைமாறியதும் உண்டு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கடற்கரைக்குப் போதல் அந்நாளில் எளிதாயிருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, சில்லைச் சுழற்றிய அக்கூட்டமும் சிதறியது. அறுவரில் மூவர் இன்று கடல்கடந்த நாடுகளில் வாழ்கின்றனர்.

அம்மூவருள் ஒருவர் ரொரன்ரோவிலிருந்து சென்ற ஆண்டு வந்திருந்தார். பதினைந்து வயது மகனையும் கடற்கரைக்கு அழைத்து வந்தார். பலாக்கொட்டை உரிக்கும் பணி அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் நகத்தைப் பார்த்து முகஞ்சுளித்தவன், கூழ் இறக்கியபோது மூன்றாம் பிளாவுக்கும் கைநீட்டினான். பின்னர் தந்தையை நோக்கி, “இதை ஏன் எங்கட வீட்டில செய்யிறேல்லை, அப்பா?” என்று கேட்டான். நண்பர் சற்று நேரம் பானையையே பார்த்திருந்தார். “மா அங்கையும் வாங்கலாம், நண்டும் வாங்கலாம், தம்பி. நாலு பேருக்கு ஒரே நாளில ஓய்வு கிடைக்கிறதுதான் அங்கை இல்லை” என்றார். பையன் வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து சென்று பானையடியை அகப்பையால் வழித்து, பாதியைத் தந்தையின் பிளாவில் ஊற்றினான்.

நண்பர் தம் நாட்டைப் பற்றிக் கூறியது இங்கும் உண்மையாகி வருவதே நம் கவலை. கடல்வழிச் சாலை இன்று திறந்தே உள்ளது, பேருந்தும் ஓடுகின்றது. ஆனால் நம் மாணவர்க்கு ஞாயிறும் தனியார் வகுப்பு நாளே. காரைநகர்க் கடலில் நீராடியவர் எத்தனை பேர் என்று வகுப்பில் ஒருநாள் வினவியபோது, கையுயர்த்தியோர் சிலரே. பாட்டை அவர்கள் தத்தம் கைப்பேசியில், தத்தம் காதுக்கு மட்டும் கேட்கின்றனர். கேட்பதிற் குற்றமில்லை, நாம் ஏங்கிய வசதி அவர்க்கு வாய்த்தது நன்றே. எனினும் சில இன்பங்கள் பிறர் கையுதவியின்றி விளைவதில்லை. மாக்கரைக்க ஒருவரும் நெருப்பூத ஒருவரும் பாட ஒருவரும் தாளமிட ஒருவரும் ஒரே நாளில் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். பரீட்சையில் இழந்த புள்ளியை மறுமுறை எழுதிப் பெறலாம். பிரிந்த நண்பர் அறுவரையும் மீண்டும் ஓரிடத்திற் கூட்டுதல் அவ்வளவு எளிதன்று. இது நாம் அறிந்தது.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டில் ஒரு ஞாயிற்றையாயினும் பிள்ளைகளுக்கும் அவர்தம் தோழர்க்கும் விட்டுக்கொடுங்கள். செல்வோர் குடிநீரைத் தாமே கொண்டுசெல்க. காரைநகரில் நன்னீர் அரிது. வெயில் ஏறுமுன் கரையை அடைக. நெருப்பை நீர் தெளித்து அணைத்து, கொண்டுசென்ற பையையும் போத்தலையும் திரும்ப எடுத்துவருக. பிளாவை மட்டும் விட்டுவரலாம். அது மண்ணோடு மண்ணாகிவிடும். மீளும்போது பொன்னாலைக் கடல்வழியில் வண்டியைச் சற்று நிறுத்தி, பரவைக்கடலில் ஞாயிறு சாய்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடுத்த முறை எப்போது என்ற கேள்வி அங்கேயே எழும். நாளையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.