மயிரிழை இடைவெளி

பாடசாலை ஒன்றின் சைக்கிள் கொட்டிலைப் பார்த்து அவ்வூரின் பொருளாதார வரலாற்றை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். தீவகத்தில் நாம் படிப்பிக்கும் பாடசாலையின் கொட்டிலில் காவலாளியின் பழைய றலி ஒன்று இன்றும் நிற்கிறது. பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பி மேலிழுபட்டு, இறப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை வந்து அணைக்கும் பிறேக் அதனுடையது. அதன் அருகே லுமாலாக்கள் வரிசையாக நிற்கின்றன. கடந்த சில ஆண்டுகளாக இவற்றிடையே புதிய இனம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. தடித்த ரயரும், அமுங்கி எழும் முன் கவரும், சில்லின் நடுவே துளையிட்ட உருக்குத் தட்டும் உடைய மலைச் சைக்கிள்தான் அது.

தீவகத்தில் மலை ஏது என்று அன்பர்கள் கேட்கலாம். ஊர்காவற்றுறையிலோ நெடுந்தீவிலோ நயினாதீவிலோ மலை என்று சொல்ல ஒரு குன்றும் இல்லை. 1970களில் கலிபோர்னியாவின் மலைச் சரிவுகளில் இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களில் பாய்ந்து விளையாடியதிலிருந்து பிறந்த இவ்வண்டி இங்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், ரொறன்ரோவிலும் பாரிஸிலும் குளிரில் உழைக்கும் மாமன்மாரும் சித்தப்பாமாருமே. பெறாமகளின் பிறந்தநாளுக்கென்று அவர்கள் அனுப்பும் பணத்தில், கடையில் நிற்பவற்றுள் அழகானது வாங்கப்படுகிறது. அதைத் திருத்தும் அறிவு அந்தப் பணத்தோடு வருவதில்லை.

தட்டுப் பிறேக்கை நாம் குறை சொல்ல வரவில்லை. மாரி மழையில் நனைந்த ரிம்மை இறப்பர்க் கட்டை பற்றுவதற்குள் சைக்கிள் பல முழம் ஓடிவிடும். தட்டோ நிலத்து நீருக்கும் சேற்றுக்கும் எட்டாத உயரத்தில், சில்லின் நடுவில் சுழல்கிறது. பிரித்தானியப் பொறியியலாளர் லான்செஸ்ரர் 1902ஆம் ஆண்டிலேயே மோட்டார் வண்டிக்கென இத்தகைய பிறேக்குக்கு உரிமம் பெற்றார். அவருடைய பிறேக்கில் செம்புக் கட்டைகள் உலோகத் தட்டைப் பிடித்தன. அவை எழுப்பிய கிறீச்சொலி எவராலும் பொறுக்க முடியாததாக இருந்ததாம். எம் மாணவர் காலையில் படலைக்குள் நுழையும்போது எழும் ஓசைக்கு இவ்வாறு நூறாண்டைத் தாண்டிய பரம்பரை உண்டு.

இப்பிறேக்கின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 26 அங்குலச் சில்லு ஏறத்தாழ 660 மில்லிமீற்றர் குறுக்களவுடையது. தட்டின் குறுக்களவு பெரும்பாலும் 160 மில்லிமீற்றர். மையத்துக்கு இவ்வளவு அருகில் பிடித்துச் சில்லை நிறுத்த வேண்டுமாயின், ரிம்மில் பிடிப்பதைப்போல் நான்கு மடங்கு விசை வேண்டும். அந்த விசையைப் பெறுவதற்காகப் பிடியின் நீண்ட அசைவு கட்டையின் மிகச் சிறிய அசைவாக மாற்றப்படுகிறது. ஆகவே தட்டுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளியே இருக்க முடியும். எதிர்க்காற்றிலும் உப்பிலும் ஓடும் வண்டிக்கு இந்த மயிரிழை பெரிய சோதனை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏற்றும் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். ஒன்றின் மிதிகட்டை மற்றதன் தட்டில் ஊன்றினால், கரையில் இறங்கும்போது தட்டு வளைந்திருக்கும்.

எம்மிடம் பதினோராம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தி புங்குடுதீவிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்து வருபவள். சோளகக் காலத்தில் அந்தத் தாம்போதியில் சைக்கிள் மிதிப்பது எத்தகையது என்பதை மிதித்தவர்களே அறிவர். இருபுறமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. அவளுடைய முன் பிறேக் நாள் முழுதும் தட்டை உரசிக்கொண்டிருந்தது. காற்றோடும் பிறேக்கோடும் ஒருங்கே போராடி அவள் பிந்தி வந்தாள். பிந்தியவர் கொப்பியில் அவள் பெயர் நாள்தோறும் ஏறியது. ஏன் பிந்தினாய் என்று கேட்டார்களேயன்றி, சில்லு ஏன் சுற்றவில்லை என்று எவரும் கேட்கவில்லை. கடற்றொழில் செய்யும் அவளுடைய தகப்பனார் மகளின் துன்பத்தைக் காணப் பொறாதவராய், சத்தம் போடும் இரும்புக்கு எவரும் செய்வதையே செய்தார். தட்டிலே தேங்காயெண்ணெய் பூசினார். சத்தம் நின்றது, பிறேக்கும் நின்றது. மறுநாள் தாம்போதியில் எதிரே பஸ் வந்தபோது பிடி கைக்குள் வந்து சேர, வண்டி தன்பாட்டில் ஓடியது. காலை ஊன்றித் தப்பினாள்.

அன்று மாலை தாயார் எம்மைத் தேடி வந்தார். "பொம்பிளைப் பிள்ளை, சேர். பிறேக் இல்லாமல் அந்தப் பாலத்தால என்னெண்டு விடுறது? இனி பின்னேர வகுப்பு வேண்டாம்" என்றார். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதமே இருந்தது. இரண்டு போல்ட்டுகளை இளக்கி இறுக்கத் தெரியாத காரணத்தால் ஒரு பெண்ணின் கல்வி தடைப்படுவதை எவ்வாறு ஏற்பது?

பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த நாட்களில் திருநெல்வேலிச் சைக்கிள் கடை ஒன்றின் வாசலில் எமது மாலைகள் பல கழிந்தன. அங்குக் கற்றதை ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை வேப்பமரத்தின் கீழ் மாணவருக்குக் காட்டினோம். முதலில் தொட வேண்டியது பிறேக்கை அன்று, சில்லை. சில்லு கவரின் பள்ளங்களில் ஒருபுறம் சரிந்து இருந்தால், பிறேக்கை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. வண்டியை நிலத்தில் நிமிர்த்தி நிறுத்தி, அச்சை இளக்கி, பாரத்தினாலேயே சில்லு தன் இடத்தில் அமர விட்டு இறுக்க வேண்டும். பின்னர் முன்சில்லைத் தூக்கிச் சுழற்றி, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு தட்டுக்கும் கட்டைக்கும் இடையே நோக்க வேண்டும். உரசல் விடாது கேட்டால் பிறேக்கின் கூடு விலகியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கேட்டால் தட்டு வளைந்திருக்கிறது. வளைந்த இடத்தைச் சுத்தமான துணியால் பிடித்து, மறுபுறம் சிறிது சிறிதாக நெளித்து எடுக்கலாம். இங்கே அவசரக்காரனுக்கு வேலை இல்லை.

கூட்டைக் கவரோடு பிணைப்பவை இரண்டு போல்ட்டுகள். அவற்றின் துளைகள் நீள்வடிவமானவை. கூடு இடமும் வலமும் நகர்வதற்கென்றே அவ்வாறு அமைந்திருக்கின்றன. 5 மில்லிமீற்றர் அலன் கீயினால் இரண்டையும் அரைச் சுற்று இளக்கினால் கூடு ஆடும். எம் மாணவரின் வண்டிகளில் உள்ள கேபிள் பிறேக்கில் வெளிக்கட்டை ஒன்றே அசையும். உட்கட்டை அசையாது நிற்கும். வெளிக்கட்டை தட்டைத் தள்ளி உட்கட்டையோடு சேர்த்து நெரிக்கிறது. ஆதலால் உட்கட்டையை அதன் திருகினால் தட்டுக்கு மிக அருகே கொண்டுவந்துவிட்டு, பிடியை நன்றாக அழுத்தி, அழுத்தியபடியே ஒரு பழைய ரியூப் துண்டால் கட்டிவிட வேண்டும். இப்போது கட்டைகள் தட்டைக் கவ்வ, கூடு தன் நேரைத் தானே தேடிக்கொள்கிறது. அந்த நிலையில் போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒன்றை ஒரேயடியாக முறுக்கினால் முறுக்கும் விசையோடு கூடும் சேர்ந்து திரும்பிவிடும். கட்டை அவிழ்த்தபின் உட்கட்டையின் திருகை, உரசல் மறையும்வரை மட்டும் பின்வாங்கினால் போதும்.

எண்ணெய் பட்ட தட்டை பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டால் துடைத்தோம். எண்ணெய் குடித்த கட்டைகளை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த வாரம் புதிய கட்டைகள் பூட்டியதும், மைதானத்தில் ஓடி, முழுதும் நிறுத்தாமல் இருபது தடவை வேகத்தைத் தணிக்கச் சொன்னோம். அப்போதுதான் கட்டையும் தட்டும் ஒன்றையொன்று பற்றும்.

வேப்பமர நிழலில் எம் கை கறுத்திருப்பதைக் கண்ட சக ஆசிரியர் ஒருவர், "சேர், இது சைக்கிள் கடைப் பொடியன் செய்யிற வேலையல்லோ?" என்றார். அவர் நல்ல மனிதர். அவ்வசனம் அவருடையதும் அன்று. ஏட்டைப் பிடித்த கையை மேலே வைத்து, ஆயுதம் பிடித்த கையைச் சாதியின் பெயரால் கீழே வைத்த யாழ்ப்பாணச் சமூகத்தின் வசனம் அது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கொண்டுவந்து, மாணவர் தத்தம் பிரதேசத் தொழில்களைக் கற்க வழி செய்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அது கைவிடப்பட்டது. பிள்ளை உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று கனவு கண்ட பெற்றோரும் அதற்காகக் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் எமது மக்களுக்குக் கைத்திறன் இல்லாமற் போனதன்று. 1990 முதல் 1995 வரை பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் பெற்றோலின்றி வாழ்ந்தபோது நோயாளியையும் விறகையும் சுமந்தது சைக்கிள். பற்றரி கிடையாத அந்நாட்களில் சில்லைச் சுழற்றி டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் நாம். 1995 ஒக்டோபர் 30இன் பெரும் இடப்பெயர்வில் வீடுகளே சைக்கிளில் ஏறின. 2022இல் எரிபொருள் தட்டுப்பட்டபோது மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஆசிரியர்கள் பலர், நாம் உட்பட, மீண்டும் மிதித்தோம். நெருக்கடி வரும்போது கையை நாடுகிறோம். அது நீங்கியதும், கையைக் கழுவிக்கொண்டு அதைத் தாழ்ந்ததென்கிறோம்.

தமிழாசிரியர் என்ற முறையில் வேறொன்றையும் கவனித்தோம். கூடு, தட்டு, உட்கட்டை, இளக்கு, இறுக்கு என்று மாணவர் தாமாகவே பேசத் தொடங்கியிருந்தனர். கலைச்சொல் வகுக்கக் குழு எதுவும் அமைக்கப்படவில்லை. வேலை நடந்த இடத்தில் சொல் முளைத்தது.

அம்மாணவி பின்னேர வகுப்புக்கு மீண்டும் வருகிறாள். இப்போது வேப்பமரத்தின் கீழ் அலன் கீ அவளிடமே இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பையன் ஒருவனின் தட்டைச் சென்ற வாரம் அவள்தான் நெளித்து எடுத்தாள். அவனுடைய கட்டைகளும் தேய்ந்துவிட்டன. அந்த வடிவம் வேலணையில் கிடைக்கவில்லை. பழைய கட்டையைக் கொப்பித் தாளில் வைத்துச் சுற்றிவர பென்சிலால் கோடிட்டு, அளவையும் எழுதி, சனிக்கிழமை யாழ்ப்பாணம் செல்லும் தகப்பனாரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.