வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

பழைய வீட்டைப் புதுப்பிப்பது என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கடைதான். கண்ணைப் பறிக்கும் டைல்ஸ், மின்னுகிற குழாய்கள், விளக்கு வெளிச்சத்தில் ஜொலிக்கும் சமையலறைகள்! ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருக்கும் நாம், கடைக்குப் போகும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அது தண்ணீர். வீட்டுச் சாமானை அரிப்பதும் அதுதான், ஆளை வழுக்கி விழ வைப்பதும் அதுதான்.

எங்கள் அம்பத்தூர் வீடு 1979-ல் மாமனார் கட்டியது. கூடத்தில் மொசைக், சமையலறையில் சிவப்பு சிமெண்டுத் தரை, கடப்பாக் கல் அலமாரி. பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்ததும், "வீடு ரொம்பப் பழசாத் தெரியுது, மாத்திடலாம்" என்றார் இவர். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் இரண்டு லட்சம். அதற்குள் குளியலறை, சமையலறை, ஒயரிங் மூன்றும் ஆக வேண்டும்.

வீட்டில் எண்பது வயது மாமியார் இருக்கிறார். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா புது டைல்ஸில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குப் பிறகும் படுக்கையோடுதான் இருக்கிறார். அதனால் குளியலறைக்குத்தான் முதல் செலவு என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரிக்கு அதில் சம்மதமில்லை. "இப்ப எல்லாரும் ரெண்டுக்கு ரெண்டு பளபளன்னுதாம்மா போடறாங்க" என்றார். மாமியார்தான் பதில் சொன்னார்: "எனக்குத் தரையில முகம் பாக்க வேணாம்ப்பா. விழாம நின்னு குளிச்சாப் போதும்."

கடையில் எல்லா டைல்ஸும் காய்ந்துதான் இருக்கும். அதைத் தடவிப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நாங்கள் மூன்று மாதிரிகளை வீட்டுக்கு வாங்கி வந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தோம். சொரசொரப்பான ஒரு அடி டைல்ஸ்தான் காலைப் பிடித்தது. சின்ன டைல்ஸில் இணைப்புகள் அதிகம், அதனால் பிடிப்பும் அதிகம். தண்ணீர் தேங்காமல் ஓட, வாட்டம் கொடுப்பதும் சுலபம். பெட்டிகளில் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் நிறம் மாறும். நூற்றுக்குப் பத்து கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு ஒன்று உடைந்தால் அதே டைல்ஸ் கிடைக்காது.

பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி ஒன்று சுவரில் போட்டோம். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. கைப்பிடிக் கம்பி என்றே கேட்டு வாங்கி, செங்கல் சுவரில் ஆழமாகத் துளைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். கதவு பி.வி.சி.; வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்தோம். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவைத் திறக்க முடியாமல் தவிக்கக் கூடாதல்லவா?

அடுத்தது உப்புத் தண்ணீர். எங்கள் தெருவில் புழக்கத்துக்குப் போர் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். எங்கள் தண்ணீரைச் சோதித்ததில் 640 என்று வந்தது! பழைய ஜி.ஐ. பைப்பை வெட்டியபோது துருவும் உப்பும் சேர்ந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம் இருந்தது. இப்போது வெந்நீருக்கு சி.பி.வி.சி. பைப் போட்டிருக்கிறோம். சாதாரண பி.வி.சி. வெந்நீரில் இளகிவிடும்.

குழாய் வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். கனமான பித்தளைக் குழாயாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கட்டும். நுனியில் உள்ள சல்லடையைக் கழற்ற வருகிறதா என்று கேளுங்கள். உப்பு அடைத்தால் வினிகரில் ஊறவைத்துக் கழுவிவிடலாம். கறுப்பு டைல்ஸும் கண்ணாடித் தடுப்பும் நம் தண்ணீருக்கு ஆகாது. ஒரே வாரத்தில் வெள்ளைத் திட்டு தெரியும். ஆசிட் ஊற்றித் தேய்த்தால் இணைப்பு சிமெண்டும் குழாயின் மேல்பூச்சும் போய்விடும். மொசைக் தரையில் இருப்பது சலவைக்கல் துணுக்குகள், அதில் ஆசிட்டோ வினிகரோ எலுமிச்சையோ படவே கூடாது.

கடைசியாக, மழைத் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் பல வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். கொரட்டூரில் என் தங்கை வீட்டு மாடுலர் கிச்சன் மரத்தூள் பலகையில் செய்தது. 2023-ல் இரண்டு நாள் தண்ணீரில் நின்றதும் ஊறவைத்த பொட்டுக்கடலை மாதிரி உப்பிவிட்டது. எங்கள் கடப்பாக் கல் அலமாரியை அதே மழைக்குப் பிறகு கழுவித் துடைத்தோம், அவ்வளவுதான்!

ஆகவே இவர் ஆசைப்பட்ட மாடுலர் கிச்சனுக்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை. "வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பழைய கல் தட்டுகளை அப்படியே வைத்து, அலுமினியச் சட்டத்தில் கதவு மட்டும் போட்டதும், செலவைக் கேட்டுச் சமாதானமாகிவிட்டார். பலகைதான் வேண்டும் என்பவர்கள், கீழ்த்தட்டுக்காவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ப்ளைவுட் கேளுங்கள். அது கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டியது.

மிஞ்சிய பணத்தில் ஒயரிங். தரையோரம் இருந்த பிளக் பாயிண்டுகளை நாலு அடி உயரத்துக்கு ஏற்றினோம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்தோம். மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் நிறுத்திவிடும். வெளியே தெரியாத செலவு, ஆனால் உயிரைக் காக்கிற செலவு.

எங்கள் வீடு கேட்லாக் படம் மாதிரி இல்லைதான். ஆனால் முன்பெல்லாம் மாமியார் குளிக்கப் போனால் நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவருகே காவல் நிற்பேன். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரே குளித்துவிட்டு வருகிறார். எட்டிப் பார்த்தால், "நீ போய் வேலையப் பாரும்மா!" என்று விரட்டுகிறார். இரண்டு லட்சத்தில் இதைவிட வேறென்ன வாங்க முடியும், சகோதரிகளே?