எட்டாத பூஜ்யத்துக்கு ஒரு கோடு

காற்றில் மிதக்கும் துகள்கள் பூமியின் வெப்பக் கணக்கை எவ்வளவு மாற்றுகின்றன என்று நேராக அளந்து சொல்லும் கருவி எதுவும் கிடையாது. துகள்கள் நிறைந்த வானத்தை அளக்கலாம். அவை இல்லாதிருந்தால் அதே வானம் எப்படி இருந்திருக்கும் என்பதை அளக்க வழியில்லை. நமக்கு வேண்டியதோ இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம். ஆகவே எங்கள் தொழிலில் பாதி அளவீடு, பாதி அனுமானம். அனுமானத்தை எவ்வளவு கட்டுப்பாட்டோடு செய்கிறோம் என்பதில்தான் தொழிலின் நேர்த்தி இருக்கிறது.

என் வேலை தொடங்குவது சூரியனை நோக்கித் திரும்பி நிற்கும் சன் போட்டோமீட்டரிடம். சூரியனின் நேரடி ஒளி ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு தரைக்கு வந்து சேர்கிறது என்று அது சொல்லும். வழியில் குறைந்த ஒளியிலிருந்து காற்று மூலக்கூறுகளின் பங்கையும் ஓசோன் முதலிய வாயுக்களின் பங்கையும் கழித்தால், மிஞ்சுவது துகள்களின் பங்கு. இதற்கு ஒளியியல் தடிமன் என்று பெயர். தடிமன் 0.5 என்றால், உச்சிச் சூரியனின் நேரடி ஒளியில் ஏறக்குறைய 39 சதவீதத்தைத் துகள்கள் சிதறடித்தோ உறிஞ்சியோ விடுகின்றன என்று பொருள்.

எவ்வளவு குறைந்தது என்று சொல்ல, முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். கருவியைத் தூக்கிக்கொண்டு வளிமண்டலத்துக்கு வெளியே போக முடியாது. அதனால் சாமுவேல் லாங்லியின் பெயரால் வழங்கும் பழைய முறையையே இன்றும் நம்பியிருக்கிறோம். காலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி நீண்ட காற்றுப் பாதையைக் கடந்து வருகிறது. சூரியன் ஏற ஏறப் பாதை சுருங்குகிறது. பாதையின் நீளத்தையும் ஒளி அளவின் மடக்கையையும் வரைபடத்தில் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். பாதை பூஜ்யமாகும் இடம்வரை அந்தக் கோட்டை நீட்டினால், காற்றே இல்லாத இடத்தில் கருவி என்ன காட்டும் என்பது தெரிந்துவிடும்.

நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் காலை முழுவதும் வானம் மாறக் கூடாது. ஏரோநெட் என்ற உலகளாவிய வலையமைப்பின் மூலக் கருவிகளை ஹவாயில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள மௌனா லோவா ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பது இதனால்தான். கீழே, எங்களைப் போன்றவர்களின் நிலையங்களில், கண்ணுக்கே தெரியாத மெல்லிய கீற்று மேகம் ஒன்று கடந்துபோனாலும் அது துகளாகக் கணக்கில் ஏறிவிடும். எனவே கருவி அரை நிமிட இடைவெளியில் மூன்று முறை சூரியனைப் பார்க்கிறது. மூன்றும் ஒத்துவராவிட்டால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுகிறோம். எதைத் தள்ள வேண்டும் என்று கற்றுக்கொள்வது எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி.

தடிமன் தெரிந்த பிறகு அடுத்த கேள்வி: அதனால் பூமிக்குக் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு மாறுகிறது? உலகம் முழுவதற்கும், இரவு பகல் சேர்த்துச் சராசரி எடுத்தால், வளிமண்டலத்தின் உச்சியில் சதுர மீட்டருக்கு சுமார் 340 வாட் சூரிய ஆற்றல் வந்து விழுகிறது. அதில் சில வாட் கூடினாலும் குறைந்தாலும் தட்பவெப்பம் மாறும்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் முறையை நான் கற்றது இண்டோஎக்ஸ் ஆய்விலிருந்து. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் முன்நின்று நடத்திய ஆய்வு அது. 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, துணைக்கண்டத்தின் புகைமூட்டத்தை வாடைக்காற்று இந்தியப் பெருங்கடலுக்கு மேல் கொண்டுபோகும் பருவத்தில், கப்பல்களும் விமானங்களும் மாலத்தீவின் காஷிதூ தீவில் அமைத்த நிலையமும் சேர்ந்து அளந்தன. தரையில் வந்து விழும் சூரிய ஆற்றலை அளக்கும் பைரனோமீட்டர், மேலே செயற்கைக்கோள். மேகமற்ற நேரங்களில் துகள் தடிமன் கூடும்போது தரைக்கு வரும் ஆற்றல் எவ்வளவு குறைகிறது, விண்வெளிக்குத் திரும்பும் ஆற்றல் எவ்வளவு கூடுகிறது என்று கோடு வரைந்தார்கள். அந்தக் கோட்டைத் தடிமன் பூஜ்யமாகும் இடம்வரை நீட்டினால் துகளற்ற வானம். லாங்லி காற்றைத் தாண்டியதுபோல இவர்கள் துகள்களைத் தாண்டினார்கள்.

கிடைத்த விடை துறையின் பார்வையையே மாற்றியது. தெளிந்த வானத்தில், வளிமண்டலத்தின் உச்சியில் இழப்பு சதுர மீட்டருக்கு சுமார் 7 வாட்; கடல் பரப்பிலோ சுமார் 23 வாட். நடுவே காணாமல்போன 16 வாட்டைக் காற்றுதான் வாங்கிக்கொண்டது. புகைக்கரி சூரிய ஒளியை உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. கீழே கடல் ஒளி குறைந்து குளிர்கிறது, ஆவியாதலும் தளர்கிறது. மேலிருந்து மட்டும் பார்த்தால் இந்தக் கதையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தெரியாது. அன்றிலிருந்து ‘எவ்வளவு தாக்கம்?’ என்று யாராவது கேட்டால், ‘எந்த உயரத்தில்?’ என்று திருப்பிக் கேட்காமல் நான் விடை சொல்வதில்லை.

அதே அளவுகளைக்கொண்டு இன்னொன்றும் பார்க்கலாம். தடிமனை 0.01 தவறாக அளந்தால், அங்கே உச்சியில் கால் வாட்டும் தரையில் முக்கால் வாட்டும் பிழையாகும். தொழிற்புரட்சிக்கு முன்பிருந்து 2019 வரை கூடிய கரியமில வாயுவின் மொத்தத் தாக்கமே 2.16 வாட்தான். கருவியின் கண்ணாடியைத் துடைப்பதும் அளவுத்திருத்தத்தைத் தவறாமல் செய்வதும் இந்த விகிதத்தை அறிந்தவர்களுக்குச் சில்லறை வேலையாகத் தோன்றாது.

தடிமனைவிடக் கடினமானது துகளின் குணம். தடுத்த ஒளியில் எத்தனை பங்கைச் சிதறடித்தது, எத்தனை பங்கை உறிஞ்சியது? சல்பேட் கிட்டத்தட்ட முழுவதையும் சிதறடிக்கும். கரி பெரும்பகுதியை உறிஞ்சும். கருமையான கடல் பரப்புக்கு மேல் குளிர்விக்கும் ஒரு புகைக்கலவை, வெண்பனிக்கோ வெண்மேகத்துக்கோ மேல் வந்து நின்றால் சூடாக்கத் தொடங்கிவிடும். துகள் அதேதான், கீழே இருப்பதன் வெண்மை மாறியதால் கூட்டல் கழித்தல் குறியே மாறிவிடுகிறது.

மேகத்துக்குள் போனால் சிக்கல் இன்னும் கூடும். ஒரே அளவு நீர் அதிகத் துகள்கள்மேல் படிந்தால், துளிகள் சிறுத்துப் பெருகி மேகம் கூடுதலாக வெளுக்கிறது; இதை 1970களில் விளக்கியவர் ஷான் டூமி. தூய காற்றில் சேரும் முதல் துகள்களுக்கே இதில் வலிமை அதிகம். ஆக, மனிதப் புகை இல்லாத காலத்தில் காற்று எவ்வளவு தூய்மையாக இருந்தது என்பதைப் பொறுத்தே இன்றைய தாக்கமும் அமைகிறது. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் தொடக்க ஆண்டு 1750. அன்று எந்தப் போட்டோமீட்டரும் இல்லை. மேகத் தாக்கத்தின் நிச்சயமின்மையில் சுமார் 45 சதவீதம், எரிமலை, காட்டுத்தீ, கடல் உயிரிகள் போன்ற இயற்கை மூலங்களைச் சரியாக அறியாததால் வருகிறது என்று கென் கார்ஸ்லா குழு 2013இல் காட்டியது. நாங்கள் கோடு நீட்ட வேண்டிய பூஜ்யங்களில் இதுவே மிகத் தொலைவானது.

ஐ.நா.வின் தட்பவெப்பக் குழுவான ஐபிசிசியின் ஆறாம் அறிக்கையின் முதல் பகுதி 2021இல் வெளிவந்தது. துகள்களின் மொத்தத் தாக்கம் கழித்தல் 1.1 வாட் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள், அது கழித்தல் 0.4 முதல் கழித்தல் 1.7 வரை எங்கும் இருக்கலாம். இந்த அகலத்தைக் கண்டு இளம் ஆய்வாளர்கள் சோர்வதைப் பார்த்திருக்கிறேன். சோர வேண்டியதில்லை. அறிந்தது எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லும் எண் அது. அகலத்தைப் பொய்யாகச் சுருக்கினால், துகள்கள் எவ்வளவு வெப்பமேற்றத்தை மறைத்துவைத்திருக்கின்றன என்ற கேள்விக்குத் தவறான விடை தந்தவர்களாவோம்.

அனுமானத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் சில சமயம் கிடைக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்து வானில் துகள்களைப் பரப்பியபோது, பூமியின் கதிர்வீச்சை அளக்கும் செயற்கைக்கோள் முன்பே சுற்றிக்கொண்டிருந்தது. உலகம் சுமார் அரை டிகிரி குளிரும் என்று ஜேம்ஸ் ஹான்சன் குழு முன்கூட்டியே கணித்தது. ஏறக்குறைய அப்படியே நடந்தது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியதும், கடல் மேகங்களில் கப்பல்கள் விட்டுச்செல்லும் வெண்கோடுகள் குறைந்தன. இரண்டு இடங்களிலும் மாற்றத்துக்கு முந்தைய அளவீடு கையில் இருந்தது. அதனால் கோட்டை வெகுதூரம் நீட்ட வேண்டியிருக்கவில்லை.

நம் பகுதிக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கங்கைச் சமவெளியின் காற்று தூய்மையாக வேண்டும். மூச்சுவிடும் மனிதர்களுக்காக அது இன்றே நடக்க வேண்டும். துகள்கள் சில நாட்களில், மிஞ்சினால் ஓரிரு வாரங்களில் காற்றிலிருந்து இறங்கிவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும். புகை விலகும்போது அது மறைத்துவைத்திருந்த வெப்பம் வெளிப்படும். அது எவ்வளவு என்று சொல்ல, புகை இருக்கும்போதே எடுத்த நீண்ட, இடையறாத, நம்பகமான அளவீடு வேண்டும். கான்பூரில் 2001 முதல் இயங்கும் ஏரோநெட் நிலையமும், இஸ்ரோவின் ஆர்ஃபினெட் நிலையங்களும் அதைத்தான் சேர்த்துவருகின்றன. 1750இன் வானத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. இன்றைய வானத்தையாவது நாம் அளந்து வைக்க வேண்டும். தூய்மை வந்த பிறகு இந்த அளவீட்டை எடுக்க முடியாது.