கொசுவும் சாமந்தியும்

கொச்சியின் சுள்ளிக்கல்லில் அந்தி சாய்ந்தால் பூக்கடையில் விளக்கு எரியும். கூடவே கொசுவும் வந்துவிடும். தமிழ்நாட்டுப் பூ மூட்டையைப் பிரித்ததும் எல்லோர் கையும் மல்லிக்குத்தான் நீளும். சாமந்தி சாமி படத்துக்கு. ஓணம் வந்தால் பூக்களத்துக்கு. எனக்கு இந்தப் பூவின் மேல் தனிப் பிரியம். ஓர் இதழை அடியோடு உருவிப் பாருங்கள். கீழே மெல்லிய குழல், அதனுள் இரண்டாகப் பிளந்த சூல்முடி. இதழ் என்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றும் தனிப் பூ!

சாமந்திக்குச் செவ்வந்தி என்றும் பெயர் உண்டு. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். சாரமா முனிவர் உறையூரில் நந்தவனம் வைத்து அவருக்குத் தினமும் செவ்வந்தி சாத்திவந்தார். வணிகன் ஒருவன் அந்தப் பூக்களைத் திருடி அரசனிடம் கொடுக்க, அரசன் அரசிக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் திருடனை அரசன் தண்டிக்கவில்லை. கிழக்கு நோக்கி இருந்த ஈசன் மேற்கே உறையூர்ப் பக்கம் திரும்பி மண்மாரி பொழிந்தார் என்கிறது தலபுராணம். சந்நிதி இன்றும் மேற்குப் பார்த்துத்தான் இருக்கிறது. கொடிமரம் பின்புறம் நிற்கிறது. ஒரு கூடைப் பூவுக்காக ஓர் ஊரே மண்ணில் புதைந்த கதை இது. பூவைப் பயிரிட்டவன் பக்கம் தெய்வம் நின்றது என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

சாமந்தியின் நெருங்கிய உறவு பைரித்ரம். பார்க்க வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாகச் சாதுவான பூ. உலர்த்திப் பொடித்தால் பூச்சியின் நரம்பைத் தாக்கும். ஜப்பானில் எய்ச்சிரோ உயேயாமா 1890இல் கொசுவை விரட்ட அந்தப் பொடியை ஊதுவத்தியாகச் செய்தார். அது முக்கால் மணி நேரம்கூட எரியவில்லை. சுருளாகச் சுற்றலாம் என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. 1902இல் சுருள்வத்தி கடைக்கு வந்தது. கொசு பரப்பும் யானைக்கால் நோயை ஐரோப்பியர் ‘கொச்சிக் கால்’ என்றே எழுதிய ஊரில் இருந்துகொண்டு, அந்த அம்மாளை நன்றியோடு நினைக்காமல் எப்படி? இன்றைய சுருளில் பெரும்பாலும் பூ இல்லை. பைரித்ரத்தைப் பார்த்துச் செய்த செயற்கை மருந்துதான் இருக்கிறது.

சிங்கப்பூர், மலேசியா போய்வந்த தமிழர்களுக்குச் சாமந்தித் தேநீர் தெரிந்திருக்கும். வெந்நீரில் உலர்பூ மெல்ல விரியும். லேசான கசப்பு, கற்கண்டு போட்டால் இதம். ஆசைப்பட்டு மாலையில் இருக்கும் பூவைப் பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். அது மருந்தடித்து வளர்த்த பூவாக இருக்கும். குடிப்பதற்கென்றே விளைவித்து உலர்த்திய பூவைக் கேட்டு வாங்குங்கள்.