தட்டும் ஓசை சொன்ன செய்தி

வாய் பேசத் தெரிந்தவருக்கு நோய் வந்தால் "இங்கே வலிக்கிறது" என்று சொல்லிவிடுவார். பேசத் தெரியாத குழந்தைக்கு நோய் வந்தால் அது அழும். வாயே இல்லாத இயந்திரத்திற்கு நோய் வந்தால் அது என்ன செய்யும்? ஓசை எழுப்பும், அல்லது நம் கையைத் தட்டும். அந்த ஓசையைக் கேட்டு அஞ்சுவோரும் உண்டு, கேளாதது போல் இருப்போரும் உண்டு. ஆனால் அதனை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு, "என்ன சொல்கிறாய்?" என்று பொறுமையாக வினவுவோர் மிகச் சிலரே. அத்தகைய ஒருவரிடம் நான் கற்ற பாடத்தையே தோழியரோடு இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குச் செல்லும் சாலையை நம்முள் பலர் நன்கு அறிவோம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு. முன்னாளில் இரண்டு ஊர்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2007-ஆம் ஆண்டில் மீண்டும் பிரிந்து இன்றுள்ள மாவட்டமாயிற்று. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் இருந்தது என்றும், அக்கடல் விட்டுச் சென்றதே இங்குள்ள சுண்ணாம்புக்கல் என்றும் படித்திருக்கிறோம். அந்தக் கல்லை நம்பியே அரியலூரில் 1979-ஆம் ஆண்டில் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. தனியார் ஆலைகளும் எழுந்தன. ஆலைகள் இருந்தால் லாரிகளும் இருக்கும். பாரம் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடினால் சாலையில் பள்ளமும் விழும், புழுதியும் பறக்கும். பண்டைக் கடலுக்கும் எங்கள் காரின் ஸ்டீயரிங்கிற்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று சொன்னால் சிரிக்காதீர்கள்!

என் தாயார் அரியலூருக்கு அருகில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறார்கள். தந்தையார் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார்கள். நாங்கள் வாங்கிய பழைய சிறிய கார் ஒன்றில் அம்மாவும், உடன் பணிபுரியும் மூன்று ஆசிரியைகளும் பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொண்டு நாள்தோறும் சென்று வருவார்கள். சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தக் காரில் ஒரு புதுமை தோன்றியது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போதெல்லாம் 'டக்... டக்...' என்று ஸ்டீயரிங் வழியாக அம்மாவின் உள்ளங்கையில் யாரோ விரலால் தட்டுவது போல் இருந்ததாம்.

"ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் கேட்காது" என்று உடன் வந்த ஆசிரியை ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார். மற்றொருவரோ, "பழைய வண்டி என்றால் தட்டத்தான் செய்யும்" என்றார். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. எதிரே பாரம் ஏற்றிய லாரி வரும்போது கையில் அந்தத் தட்டல் வந்தால் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது என்று இரவில் என்னிடம் சொன்னார்கள். காரில் செல்வது நான்கு பேர். அந்த நான்கு பேருக்காகவும் நான்கு வீடுகளில் மாலையில் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

முதலில் ஒரு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்தவர் காரைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரேக் போய்விட்டது. முழுசாக மாற்ற வேண்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் சொன்ன தொகை அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தை ஏறக்குறைய விழுங்கிவிடும். எதனால் அப்படிச் சொல்கிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "எல்லாம் அனுபவம்தான்" என்பதே விடை. இரண்டு நாள் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு அம்மா வந்துவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் பேருந்திலேயே பள்ளிக்குச் சென்றார்கள்.

பிறகு தெரிந்தவர்கள் சொல்லி, முதியவர் ஒருவரின் சிறிய பட்டறைக்குப் போனோம். வேப்பமரத்து நிழல்தான் அவருடைய கூரை. காரைத் தொடுவதற்கு முன் அவர் அம்மாவை உட்காரச் சொல்லி, மருத்துவர் கேட்பது போலக் கேள்விகளை அடுக்கினார்.

"டீச்சரம்மா, எப்போ தட்டுது? பள்ளத்துல இறங்கும்போதா, வளைக்கும்போதா, பிரேக் போடும்போதா?"

"பள்ளத்தில்தான் ஐயா. நின்றுகொண்டே லேசாகத் திருப்பினாலும் மெல்லத் தட்டுகிறது."

"காதுல மட்டும் கேட்குதா, கையிலயும் தெரியுதா?"

"கையில்தான் அதிகம் தெரிகிறது."

"நாலு வழிச் சாலையில போகும்போது?"

"திருச்சி சாலையில் ஒன்றும் இல்லை."

அவர் தலையை அசைத்துக்கொண்டார். பின்பு என்னைப் பார்த்து, "பாப்பா, கையில தெரியுதுன்னா சக்கரத்துக்கும் கைக்கும் நடுவுல இருக்கிற சங்கிலியிலதான் எங்கேயோ இடைவெளி விழுந்திருக்கு. சங்கிலியில ஒவ்வொரு கண்ணியா பார்ப்போம்" என்றார்.

அந்தச் 'சங்கிலி' என்ன என்பதை அவர் காட்டியவாறே எழுதுகிறேன். நாம் பிடிக்கும் ஸ்டீயரிங்கின் தண்டு கீழே இறங்கி ஒரு சிறிய பற்சக்கரத்தில் முடிகிறது. அதற்குப் பினியன் என்று பெயர். அது, பல் வெட்டிய நீண்ட இரும்புக் கம்பி ஒன்றை இடமும் வலமும் நகர்த்துகிறது. அதுவே ரேக். ரேக்கின் இரு முனைகளிலும் டை ராட் என்னும் கம்பிகள் இணைந்து சக்கரங்களைத் திருப்புகின்றன. டை ராட்டின் நுனியில் உள்ள மூட்டு நம் தோள்பட்டையில் இருப்பதைப் போன்ற பந்துக் கிண்ண மூட்டு. உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் உறை. சக்கரம் மேலும் கீழும் குதித்தாலும், இடமும் வலமும் திரும்பினாலும், இந்த மூட்டு வளைந்து கொடுக்கும். ஆனால் ஆடக் கூடாது. வளைவது வேறு, ஆடுவது வேறு!

முதலில் சக்கர நட்டுகளையும் டயரின் காற்றையும் பார்த்தார். "சின்னதைப் பார்க்காம பெரிசுக்குப் போகக் கூடாது" என்றார். பிறகு பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டையும் கீழே நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை நீட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். அசைவே இல்லை. அப்படி அசைந்திருந்தால் வீல் பேரிங்கையோ, சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டையோ சந்தேகிக்க வேண்டுமாம். அடுத்து இடப்புறத்தையும் வலப்புறத்தையும் பிடித்து ஆட்டினார். வலது சக்கரம் அமைதியாக இருந்தது. இடது சக்கரம் 'டக்' என்றது! அம்மா திடுக்கிட்டு எழுந்துவிட்டார்கள். அதே ஓசை!

இடது பக்கம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த மூட்டு? காரைத் தரையில் இறக்கி, என்னை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, எஞ்சினை இயக்காமல் ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் இடமும் ஓர் அங்குலம் வலமும் மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கச் சொன்னார். அவர் குனிந்து ஒவ்வொரு மூட்டின் மேலும் கையை வைத்துப் பார்த்தார். தண்டின் மூட்டில் குற்றமில்லை. ரேக்கைத் தாங்கும் ரப்பரில் குற்றமில்லை. ரேக்கின் உள்முனையும் நன்றாகவே இருந்தது. சக்கரத்தை ஒட்டியிருந்த டை ராட் நுனிக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"பாப்பா, இப்போ நீ வந்து தொட்டுப் பாரு" என்றார். அம்மா ஸ்டீயரிங்கை ஆட்ட, நான் தொட்டேன். கம்பி முதலில் நகர்ந்தது. ஒரு நொடியின் சிறு பகுதி கழித்தே சக்கரத்தின் கை நகர்ந்தது. அந்தச் சிறு தாமதமே தட்டல்! ரப்பர் உறை கிழிந்திருந்தது. மழைநீரும் புழுதியும் உள்ளே புகுந்து, கிரீஸோடு கலந்து, பந்தையும் கிண்ணத்தையும் நாள்தோறும் அரைத்துத் தேய்த்திருக்கின்றன.

"இதை விட்டிருந்தால் என்ன ஆகும் ஐயா?" என்று அம்மா கேட்டார்கள். "ஒருநாள் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துடும்மா. அப்புறம் அந்தச் சக்கரம் உங்க சொல் கேட்காது" என்றார் அவர். அம்மா வெகுநேரம் பேசவில்லை.

பழைய நுனியைக் கழற்றும்போது அது எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டு, புதியதை அத்தனை சுற்று உள்ளே முறுக்கினார். நட்டு கழன்றுவிடாமல் காக்கும் பின்னையும் புதிதாகவே போட்டார். "எண்ணி மாட்டினாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆகணும், இல்லைன்னா டயர் ஒரு பக்கமா தேயும்" என்று சொல்லி அனுப்பினார். முழு ரேக்கிற்குச் சொல்லப்பட்ட தொகையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறியது. அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. ரேக்கை மட்டும் மாற்றிவிட்டு இந்த நுனியை அப்படியே விட்டிருந்தால், பணமும் போயிருக்கும், ஆபத்தும் போகாமல் காரிலேயே இருந்திருக்கும்.

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது எதனால் வந்தது என்று கண்டு, தீர்க்கும் வழியும் தெரிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறுகிறார். மனப்பாடப் பகுதியாக மட்டும் நான் அறிந்திருந்த அக்குறளுக்கு வேப்பமரத்தடியில்தான் பொருள் விளங்கிற்று. மேல்நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. வியன்னாவில் மருத்துவராக இருந்த அவன்ப்ரூகர் என்பவர் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே உள்ள நோயை அறியும் முறையை 1761-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அறிவதைச் சிறுவயதில் கண்டவர் என்பர். மனித உடலானாலும் இரும்பு உடலானாலும், ஓசையைப் பொறுமையாகக் கேட்பவருக்கே உண்மை புலப்படுகிறது.

"இதெல்லாம் பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்களுக்குப் பெர்த்தா பென்ஸ் அம்மையாரைக் காட்டுவேன். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றவர் அவர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் செய்தார். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணத்தில் பழுது கண்டறிந்தது ஒரு பெண்ணே அல்லவா?

தோழியரே, உங்கள் வீட்டு வாகனத்திலும் தட்டல் கேட்கலாம். எல்லாத் தட்டலும் ஒன்றல்ல. முழுவதும் வளைத்து ஓட்டும்போது 'கிளிக் கிளிக்' என்றால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் சக்கரத்தின் பாலன்ஸ். நின்ற இடத்தில் திருப்பும்போது மேலிருந்து 'டொக்' என்றால் ஷாக் அப்சார்பரின் தலைப்பகுதி. பள்ளத்தில் தட்டல் கையிலேயே தெரிந்தால் நாள் கடத்தாதீர்கள். அது ஸ்டீயரிங்கின் மூட்டாக இருக்கக் கூடும். எப்போது, எங்கே, எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு பட்டறைக்குச் செல்லுங்கள். எதையாவது மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்னால், "ஆடும் இடத்தை எனக்குக் காட்டுங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். நல்ல தொழிலாளி அக்கேள்விக்கு மகிழ்வாரேயன்றிக் கோபிக்க மாட்டார். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையில் ஆட்டிப் பாருங்கள்.

சிறு ஓசை எழும்போதே செவி கொடுத்தால் பெருந்துயரைத் தவிர்க்கலாம். கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. பொறுமை ஒன்றே போதும்.